பிள்ளைக்காரி

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கடலில் பிழைத்த ஊர் ஒன்று உண்டு என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் சாத்தந்துறை அப்படித்தான் பிழைத்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் திமிங்கலம் என்று சொல்லும் பிராணியைச் சாத்தந்துறையில் ஆனைமீன் என்பார்கள். அதைப் பிடிக்கப் போகிற வள்ளத்தில் தண்டு வலிக்கும், அதாவது துடுப்புப் போடும் ஆட்கள் அத்தனை பேரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து, தாங்கள் விட்டுவந்த கரை சிறுத்துப்போவதைப் பார்ப்பார்களே தவிர, எதிரே இருப்பது என்னவென்று திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பார்த்தால் கை தளர்ந்துவிடும் என்று அப்படி ஒரு கட்டு. பின்னால் சுக்கான் பிடிக்கிற தண்டலுக்கு முகம் முன்னால்தான், ஆனால் அவர் கண்ணும் மண்டாக்காரனின் இடது கையைவிட்டு அகலக்கூடாது, அந்தக் கை சாய்கிற பக்கம் வள்ளம் சாயவேண்டும். ஆக ஒரு வள்ளத்துக்கு ஒரே ஒரு ஜோடிக் கண்தான்: அணியத்தில், வள்ளத்தின் மூக்கில், கயிறு கட்டிய மண்டாவை, அந்தக் கொக்கி ஈட்டியை, வலது தோளுக்கு மேல் ஓங்கிக்கொண்டு நிற்கிறானே, அந்த மண்டாக்காரனின் கண்.

அவன் கண்டதை அவன் வாய் சொல்லவேண்டும். சொல்ல இரண்டே சொல்தான் உண்டு. எதிரே இருப்பது ஒற்றை மீனாக இருந்தால் "தனி!" என்று கத்துவான், ஆட்கள் உயிரைக் கொடுத்து வலிப்பார்கள். பக்கத்தில் குட்டி இருந்தால் "பிள்ளைக்காரி!" என்பான், அவ்வளவுதான், தண்டுகள் அத்தனையும் தண்ணீரைவிட்டு எழுந்து வானத்தைப் பார்த்து நிற்கும், ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், வள்ளம் தானாக விலகிப் போகும். ஏன், எதற்கு, நிசமாகவா என்ற பேச்சே கிடையாது. பிள்ளைக்காரி மேல் மண்டா படக்கூடாது.

கஸ்பார் சாத்தந்துறையின் மண்டாக்காரர்களில் கைதேர்ந்தவன். ஓங்கினால் தப்பாது என்று பெயர். அந்தப் பெயரைச் சட்டையைப் போல இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு திரிந்தவன் என்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்ததெல்லாம் அதனால் வந்த வினை.

அந்தப் பருவம் அவனுக்கு வாய்த்ததெல்லாம் பிள்ளைக்காரிகள். மற்ற வள்ளங்கள் ஆனைமீனைக் கட்டி இழுத்து வரும்போது கஸ்பாரின் வள்ளம் மட்டும் தண்டைத் தூக்கி, தலையைக் குனிந்து, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. அவன் மனைவி தெக்லா அப்போது நிறைமாதம். தண்டு வலிக்கிற ஆட்களில் குருசு என்று ஒருவன், நாக்கில் உப்புத்தாள் கட்டி வைத்தவன், ரபேலின் சாயாக்கடையில் எல்லாரும் கூடியிருக்கும்போது ஆரம்பித்துவிட்டான்.

"ஒண்ணுமில்லவே, வீட்டுல தெக்லா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்காள்லா, இவனுக்குக் கடல்ல போறது வாறது எல்லாம் பிள்ளைக்காரியாத் தெரியுது. நாளைக்கு நம்ம சாமியார் அங்கியப் போட்டுக்கிட்டு கரையில நின்னாலும் பிள்ளைக்காரின்னு கத்திருவான், பாத்துக்கிடுங்க!"

கடையே சிரித்தது. ரபேல் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். கஸ்பாரும் சிரித்தான், சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்களே என்று சிரித்தான், ஆனால் காது இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தன. மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாள் குருசு பேசக்கூட இல்லை, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்து காட்டினான்.

அதற்குப் பிறகு கடலுக்குப் போனபோதுதான் அது நடந்தது. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. முன்னால் கறுப்பாக ஒரு முதுகு எழும்பி மூச்சுவிட்டது, பெரிய மூச்சு. அந்த மூச்சு அடங்குவதற்குள் அதன் விலாவை ஒட்டி இன்னொரு மூச்சு, சின்னது, தும்மல் அளவுக்கு. கஸ்பார் கண்டான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டான். தாய் தன் உடம்பைத் திருப்பிக் குட்டியை மறுபக்கம் ஒளித்ததையும் கண்டான். அவன் வாய் திறப்பதற்குள் முதுகுக்குப் பின்னால், தண்டு வலித்துக்கொண்டே, குருசு மெல்லிசாகச் சொன்னான்: "சொல்லுப்பா, பிள்ளைக்காரிதானே?" யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"தனி!" என்றான் கஸ்பார்.

பசியால் சொல்லவில்லை, வீட்டில் அரிசி இருந்தது. ஒரு வாயை அடைக்கவேண்டும் என்று சொன்னான், அதுதான் நிசம், அந்த நிசம் அவனுக்கும் அப்போதே தெரியும். மண்டா பாய்ந்தது, தப்பவில்லை. அடிபட்ட ஆனைமீன் கயிற்றை இழுத்துக்கொண்டு வெளிக்கடலுக்கு ஓடுவதுதான் வழக்கம். இது ஓடவில்லை, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஓடினால் குட்டி பின்தங்கிவிடும் என்று சுற்றியது. கயிறு காலடியில் ஓடாமல் தொய்ந்து கிடந்ததை வலிக்கிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சின்ன மூச்சை எல்லாரும் கேட்டார்கள். ஒருவனும் திரும்பவில்லை, கட்டு அப்படி. தண்டல் தொபியாஸ், தெக்லாவின் கூடப்பிறந்த அண்ணன், கஸ்பாரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் அறுத்தபோது கத்தி பட்ட ஓர் இடத்தில் ரத்தத்துக்குப் பதிலாக வெள்ளையாக வழிந்தது. அறுப்பில் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு காலால் மணலைத் தள்ளி அதை மூடினார்கள், பங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், குழம்பு வைத்தார்கள். அன்றைக்குத்தான் தெக்லாவுக்குப் பெண் பிறந்தது. ஊரே ரெட்டைச் சந்தோசம் என்றது, குருசு கஸ்பாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினான்.

மறுநாள் காலையில் சாத்தந்துறைக் கிணறுகள் அத்தனையிலும் பால் இருந்தது.

கோயில் கிணறு, சந்தைக் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, வீட்டுக் கொல்லைகளில் இருந்த உறைகிணறு, எதில் வாளியை விட்டாலும் வெள்ளையாக, கட்டியாக, லேசான மீன்கவிச்சியோடு, வெதுவெதுப்பாக வந்தது. முதலில் இறைத்தவள் வாளியைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், குடத்தில் ஊற்றிக்கொண்டு போய்விட்டாள். வேறு என்ன செய்வாள், அடுப்பில் உலை வைக்கவேண்டும். அன்றைக்குச் சாத்தந்துறையில் சோறு அதில்தான் வெந்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது: ரபேல் சாயாவுக்குத் தண்ணீர் சேர்ப்பதை நிறுத்தினான், தண்ணீர் இருந்தால்தானே, தென்னைகள் அதைக் குடித்துவிட்டு வெள்ளை இளநீர் காய்த்தன, சவலைப் பிள்ளைகள் கன்னம் உப்பிப்போய்த் திரிந்தன, சுற்றுவட்டாரத்துப் பூனைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்ததுபோல் வந்து கிணற்றுக்குக் கிணறு காவல் இருந்தன, துணி துவைத்தால் பிசுபிசுத்தது, குளித்தால் ஈ மொய்த்தது, ஆனாலும் மேனி மினுமினுப்பாக இருக்கிறதே என்று கலியாணத்துக்கு நிற்கிற பெண்கள் ஈயைப் பொறுத்துக்கொண்டார்கள். குடிதண்ணீர் பக்கத்து ஊரிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. ஒரு பீப்பாய் தண்ணீருக்கு ஒரு பீப்பாய் வெள்ளை என்று அவர்களே இறைத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் ஒருவரும் அதைப் பால் என்று சொல்லவில்லை. வெள்ளைத்தண்ணி என்றார்கள். பால் என்று சொல்லிவிட்டால் யார் பால் என்று அடுத்த கேள்வி வந்துவிடுமே. கஸ்பாரின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்றைக்குக் கோயில் கிணற்றிலிருந்து செம்பில் கொண்டுவந்து நீட்டினார்கள். சாமியார் செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "எழுதியிருக்கது தண்ணியப் பத்தித்தான், வெள்ளைத்தண்ணியப் பத்தி ஒண்ணும் எழுதல," என்று சொல்லி வண்டித் தண்ணீரை வரவழைத்தார். அவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஊரிலேயே அதிகச் சத்தம் கேட்கிற இடம் கிணற்றடி, அந்தக் கிணற்றடியில் பெண்கள் வாயைத் திறக்காமல் இறைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை பெற்றவர்கள் அல்லவா, ஒரு வாய் குடித்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

குட்டி போகவில்லை. அலை மடிகிற இடத்துக்குச் சற்று அப்பால், தாயைக் கட்டி இழுத்துப் போன வழியிலேயே, கரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நாளுக்கு நாள் அதன் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அது எழுப்புகிற ஒலி வீட்டுச் சுவரில் ஏறி, பாத்திரங்களை லேசாக அதிரவைத்து, பூசைக்குள்ளும் வந்தது. வந்ததும் கோயிலில் பாட்டை இன்னும் உரக்கப் பாடினார்கள். அவ்வளவு நன்றாகச் சாத்தந்துறையில் முன்பு யாரும் பாடியதில்லை.

கஸ்பாருக்குத்தான் தாங்கமுடியவில்லை. எல்லாரும் அவனைக் கொண்டாடினார்கள். அவன் கை பட்ட மீனுக்குப் பிறகுதானே கிணறு பொங்கியது, அவன் கைராசி என்றார்கள், கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள், குருசு அவன் கண்ணைப் பார்க்காமல் அவன் தோளில் சால்வை போர்த்தினான். ஒருத்தனாவது காறித் துப்பமாட்டானா என்று கஸ்பார் ஏங்கினான். துப்பினால் தாங்கள் சாப்பிட்ட குழம்பையும் சேர்த்துத் துப்பவேண்டுமே, யார் துப்புவார்கள்?

வீட்டில் இன்னும் மோசம். தெக்லாவுக்கு மார்பில் பால் ஊறவே இல்லை. வைத்தியம் பார்த்தார்கள், சுறாப்புட்டு அவித்துக் கொடுத்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதபோது தெக்லா கிணற்றிலிருந்து இறைத்து, காய்ச்சி ஆற்றி, சங்கில் ஊற்றிப் புகட்டினாள். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்துவிட்டுத் தூங்கியது. நன்றாகவே தேறியது, தொடையில் மடிப்பு விழுந்தது. பிள்ளையின் வாயோரம் வழிகிற வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் கஸ்பார் எழுந்து வெளியே போய்விடுவான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, அதைவிட அசிங்கம், அது தேறுகிறதே என்று உள்ளூரச் சந்தோசமாகவும் இருந்தது.

ஒரு நாள் காலை அவன் செருப்பை மாட்டும்போது தெக்லா சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எவ பாலு இது?"

ஊரில் முதன்முதலாக அந்தச் சொல் அப்படித்தான் வெளியே வந்தது. கஸ்பார் வாசலிலேயே நின்றான்.

"வெள்ளைத்தண்ணி..."

"வெள்ளைத்தண்ணியா? பிள்ள பெத்தவகிட்ட வந்து சொல்லுதீங்க பாருங்க. எனக்கு ஊறவே இல்ல, அங்க ஒருத்தி செத்தும் சுரந்துக்கிட்டு இருக்கா. எம்பிள்ள அவ பிள்ளைக்குள்ளதக் குடிச்சுக்கிட்டு கெடக்கு, அது அங்க எலும்பாக் கெடந்து கத்துது."

"நான் என்னத்தச் செய்ய, தெக்லா? நான் அன்னைக்கு..."

"அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு நான் கேக்கவே இல்ல. நீங்களும் சொல்லாண்டாம். கூப்பிடத் தெரிஞ்ச வாய்தான? போய் அதக் கூப்பிடுங்க."

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, கோயில் கிணற்றுக்குப் போனாள். நிறைத்தாள். தலையில் வைத்துக் கடலுக்கு நடந்தாள். தெருவில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தன் குடத்தை எடுத்துவந்தாள், பிறகு இன்னொருத்தி, பிறகு தெருவே குடமும் வாளியும் அண்டாவுமாய்க் கிளம்பியது. மாதா தேர் போகும்போதுகூட அப்படி அமைதியாக யாரும் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

வள்ளத்தில் குடங்களை அடுக்கினார்கள். தண்டல் தொபியாஸ் தானாகவே வந்து சுக்கானில் உட்கார்ந்தார். கஸ்பார் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"மச்சான், அன்னைக்கு நான் சொன்னது..."

"நானுந்தான் பாத்தேன், மாப்ளே." தொபியாஸ் அவனைப் பார்க்காமல் சொன்னார். "கையத்தான் பாக்கணும்னு கட்டு. கைக்கு அந்தாண்ட என் கண்ணு போயிட்டு. குட்டியப் பாத்தேன். பாத்துட்டு மறுபடி ஒங்கையவே பாத்தேன்." சுக்கானைத் திருப்பிப் பிடித்து, "ஏறு," என்றார்.

தண்டு வலிக்கிறவர்கள் ஏறினார்கள். குருசும் ஏறினான். வழக்கம்போல் பின்பக்கம் பார்த்து உட்காரப் போனவன், ஒரு நிமிசம் நின்று, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். மற்றவர்களும் அப்படியே திரும்பி உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் சாத்தந்துறை ஆட்கள் கடலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதன்முதலாகத் தண்டு தள்ளினார்கள், பழக்கமில்லாததால் ஒருவன் தண்டு ஒருவன் தண்டில் இடித்தது.

கஸ்பார் அணியத்தில் ஏறி நின்றான். கையில் மண்டா இல்லை. முதுகில் அத்தனை பேர் கண்ணும் பட்டது, உடம்பெல்லாம் கூசியது. குட்டியை எப்படிக் கூப்பிடுவது? ஆனைமீனைப் பற்றி அவன் தொழிலில் இரண்டே சொல்தான் இருந்தன, ஒன்றைச் சொல்லியாயிற்று. குட்டி தூரத்தில் மேலெழும்பி, வள்ளத்தைக் கண்டு, அமிழ்ந்தது. அதற்குத் தெரியாதா அந்த வள்ளம்?

"பிள்ளைக்காரி!" என்று கஸ்பார் கத்தினான்.

செத்துப்போனவளைப் பார்த்துக் கத்துகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. தண்டுகள் அத்தனையும் எழுந்து வானத்தைப் பார்த்து நின்றன. அவன் மறுபடியும் கத்தினான், தொண்டை கிழியக் கத்தினான், அழுகையும் சளியும் ஒழுகக் கத்தினான். குட்டி வந்தது. வந்து அணியத்தில் தலையை முட்டியது. கஸ்பார் மண்டியிட்டுக் குடத்தைச் சரித்தான். அந்தப் பால் தண்ணீரில் கரையவில்லை, திரித்த கயிறுபோல் இறங்கியது, குட்டி அதை வாயில் பிடித்துக்கொண்டு குடித்தது. குடித்து முடித்து அவன் கையை நக்கியது. வலது கை. அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், அது விடவில்லை.

அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. பாதி பிள்ளைகளுக்கு, பாதி குட்டிக்கு என்று தெக்லா வகுத்தாள், ஊர் கேட்டது. ரபேல் கடுஞ்சாயா போட்டான். குட்டி கொழுக்கக் கொழுக்கக் கிணறுகளில் வெள்ளை மெலிந்தது, முதலில் மோராக, பிறகு கழுநீராக. கஸ்பாரின் மகள் கஞ்சி குடிக்கப் பழகி, சுவரைப் பிடித்து எழுந்து நின்ற நாட்களில் கிணறுகளில் பழையபடி கொஞ்சம் உப்புக் கரிக்கிற தண்ணீர் வந்தது. பூனைகள் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போயின. பெண்கள் கிணற்றடியில் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

கஸ்பாருக்குச் சரியாகவில்லை. பால் நின்றும் குட்டி போகவில்லை. வளர்ந்தது, வள்ளத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது, ஆனாலும் தினமும் காலையில் வந்து அவன் சின்னக் கட்டுமரத்தை உரசிக்கொண்டு கிடந்தது. அவன் போகிற பக்கம் போகும், அவன் நின்றால் நிற்கும், தலையைத் தூக்கி அவன் காலில் வைக்கும். அது அவனைத் தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தது. முட்டிக் கவிழ்த்து ஒரே அடியில் அவனை முடித்திருந்தால் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருப்பான். இந்தப் பிரியத்தை என்ன செய்வது? "போயிரு தாயி," என்று கெஞ்சுவான். "நான் யாருன்னு ஒனக்குத் தெரியாது. போயிரு." அது அவன் குரலைக் கேட்டதும் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் இன்னொரு பயமும் இருந்தது. பால்குடி மறந்துவிட்டது, முழு மீனாகிவிட்டது, கூட யாருமில்லை. சாத்தந்துறைக் கட்டுப்படி அது தனி. எந்த வள்ளமும் அதன்மேல் மண்டா போடலாம், கேள்வி கிடையாது. முன்பு அவன் சொன்ன பொய்யை அவனே நிசமாக்கி வைத்திருந்தான்.

கஸ்பார் மண்டாவைத் தொடுவதில்லை என்று ஆனபிறகு அவன் வள்ளத்துக்குக் குருசுதான் மண்டாக்காரன். அடுத்த பருவம் முதல் நாள், வள்ளங்கள் எல்லாம் வரிசையாய் இறங்கின. ஆட்கள் பழையபடி கடலுக்கு முதுகைக் காட்டி வலித்தார்கள், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? பனிப்புகையில் தூரத்தில் ஒரு பெரிய முதுகு எழும்பி மூச்சுவிட்டதைக் குருசு கண்டான், மண்டாவை ஓங்கினான், இடது கையைச் சாய்த்தான். வள்ளங்கள் பாய்ந்தன.

அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் கட்டுமரத்தில் கஸ்பார் இருந்தான். தண்டுச் சத்தம் கேட்டு எழுந்து நின்றான். கத்தவேண்டும், கையை ஆட்டவேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கத்துவான்? இது தனிதானே. பிள்ளைக்காரி என்று அவன் வாயால் சொன்னால் இன்னொரு பொய். அவன் வாயை மூடிக்கொண்டான். குனிந்து, அதன் தலையின் மேல் படுத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டான். வருவது தன் முதுகில் வரட்டும் என்று இருந்தான். அது அவனுக்கு அடியில் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

தண்டுச் சத்தம் நெருங்கியது. பிறகு குருசின் குரல் கேட்டது. முன்பு வயிற்றில் கைவைத்து நடந்து காட்டிய அதே குருசு. அந்தக் குரலில் கேலி கொஞ்சம்கூட இல்லை.

"பிள்ளைக்காரி!"

கஸ்பார் கண்ணைத் திறந்தான். வரிசையாக வந்த வள்ளங்கள் அத்தனையிலும் தண்டுகள் தண்ணீரைவிட்டு எழுந்து வானத்தைப் பார்த்து நின்றன. தண்ணீர் அவற்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தொபியாஸ் தலையைக் குனிந்திருந்தார், குருசு மண்டாவைத் தாழ்த்தித் தலையைக் குனிந்திருந்தான், தண்டு வலித்த ஒவ்வொருவனும் அவனுக்காகத் தலையைக் குனிந்திருந்தான். வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைச் சுற்றி விலகிப் போயின. அவன் அந்த ஈரத் தோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், கடைசி வள்ளமும் போகிறவரைக்கும் நிமிரவில்லை.